கணினிகளின் கடிதப் போக்குவரத்து

கிரேட் நிக்கோபார் தீவில் பணிபுரியும் விரிவாக்க அலுவலர் ஒருவர், தென்னந்தோப்பு ஒன்றில் கண்ட பூச்சித் தாக்குதலைப் படம் பிடித்து, விவரப் படிவத்துடன் இணைத்துத் தில்லிக்கு அனுப்ப முற்படுகிறார் எனக் கொள்வோம். கைப்பேசியின் திரையில் ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்துகிறார். சிறு வட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கிறது. ‘பெறப்பட்டது’ என்னும் சொல் தோன்றவில்லை. அரை நிமிடம் பொறுத்துப் பார்த்து மறுபடியும் அழுத்துகிறார். பின்னர் இன்னொரு முறையும் அழுத்துகிறார். மாலையில் தில்லி அலுவலகத்தில் ஒரே தோப்பைப் பற்றிய மூன்று அறிக்கைகள் வந்திருக்கலாம். ஒன்றுகூட வராமலும் இருக்கலாம். இரண்டும் நடப்பவையே.

இத்தகைய வேளைகளில் ‘நெட்வொர்க் சரியில்லை’ என்று சொல்லி அமைவது எங்கும் வழக்கமாகிவிட்டது. மழையையும் காற்றையும் போல, மனிதர் கைக்கு அப்பாற்பட்ட ஒன்றாக வலையமைப்பைக் கருதும் எண்ணம் இச்சொல்லில் மறைந்திருக்கிறது. உண்மையில் வலையமைப்பு என்பது மனிதர் கூடிப் பேசி எழுதிவைத்த சில ஏற்பாடுகளின் தொகுதியே. அவற்றை அறிந்தவர்க்கு, சுழலும் அவ்வட்டத்தின் பின்னால் என்ன நிகழ்கிறது என்பதும், எப்போது பொறுத்திருக்க வேண்டும், எப்போது மறுபடி அனுப்ப வேண்டும் என்பதும் விளங்கும். பூச்சித் தாக்குதல் பற்றிய ஓர் அறிக்கை மூன்றாகப் பெருகினாலும், மறைந்துபோனாலும், பாதிக்கப்படுவோர் விவசாயிகளே என்பதால் இவ்விஷயம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

பழைய தொலைபேசி முறையிலிருந்து தொடங்குதல் எளிது. இரண்டு ஊர்களில் உள்ளோர் பேசவேண்டுமாயின், அவ்விருவருக்கும் இடையே ஒரு பாதை முழுவதும் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. டிரங்க் அழைப்பில் இதனை நிலையத்தார் கையால் இணைத்தனர். 1960-ஆம் ஆண்டு லக்னோவிற்கும் கான்பூருக்கும் இடையே எஸ்.டி.டி. முறை ஏற்பட்டபோது கருவிகளே இணைத்தன. எவ்வாறாயினும், பேசுவோர் ஒரு கணம் மௌனமாக இருந்தாலும் அப்பாதையைப் பிறர் பயன்படுத்த இயலாது. மனிதர் பேச்சுக்கு இது பொருந்தும். கணினிகளின் உரையாடலோ வேறு வகைப்பட்டது. அரை வினாடியில் ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கொட்டிவிட்டு, அடுத்த பத்து நிமிடம் வாய் திறவாமல் இருப்பது அவற்றின் இயல்பு. அதன்பொருட்டு ஒரு முழுப் பாதையைப் பிடித்து வைத்திருத்தல் பெரும் வீண்செலவாகும்.

இதற்கு மாற்றுவழியை 1960-களில் இருவர் தனித்தனியே கண்டனர். அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும், இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டொனால்டு டேவிஸ் என்பவரும் கூறிய யோசனை ஏறத்தாழ ஒன்றே. செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுக. ஒவ்வொரு துண்டின்மீதும் சேருமிடத்தின் முகவரியை எழுதுக. துண்டுகள் பொதுப்பாதையில் பிறருடைய துண்டுகளோடு கலந்து செல்லட்டும். போய்ச் சேர்ந்தபின் ஒன்றுசேர்த்துக்கொள்ளலாம். இத்துண்டுக்கு ‘பாக்கெட்’ என்று பெயரிட்டவர் டேவிஸ். தமிழில் பொட்டலம் என்பது இதற்கு நன்கு பொருந்துகிறது. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி இரவு, இம்முறைப்படி அமைந்த ‘ஆர்பாநெட்’ என்னும் வலையமைப்பில் முதற்செய்தி அனுப்பப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்கு ‘லாகின்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்ப முயன்றனர். ‘எல்’, ‘ஓ’ என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்தவுடன் எதிர்முனைக் கணினி நின்றுபோயிற்று. வலையமைப்பின் வரலாறு தடங்கலோடுதான் தொடங்கியது எனலாம்.

பொட்டலத்தின் அளவு பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படுவதில்லை. ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட் இடம் வேண்டும். தமிழுக்குச் செலவு சற்று அதிகம்; இப்போது எங்கும் வழங்கும் குறியீட்டு முறையில் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லே 15 பைட் பிடிக்கும். 1,500 பைட்டில் முகவரி முதலிய குறிப்புகளுக்குக் குறைந்தது 40 பைட் போக, எஞ்சிய 1,460 பைட்டே உள்ளடக்கத்திற்குக் கிடைக்கும். மேற்சொன்ன அலுவலரின் புகைப்படம் 3 லட்சம் பைட் கொண்டதாயின், அது 206 பொட்டலங்களாகப் பிரிந்து பயணப்படும்.

முகவரியும் வழியும்

ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் எண்கள் 744 என்று தொடங்குகின்றன. தொலைவில் உள்ள ஊரொன்றில் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியர் 7 என்னும் முதல் இலக்கத்தைக் கண்டவுடனே கிழக்கு மண்டலப் பையில் கடிதத்தைப் போட்டுவிடலாம். தெருவின் பெயரையோ பெறுபவரின் பெயரையோ அவர் படிக்கத் தேவையில்லை. கடிதம் இலக்கை நெருங்க நெருங்க, அடுத்தடுத்த இலக்கங்கள் பயன்படும்.

வலையமைப்பிலும் இதுவே நிகழ்கிறது. இணைக்கப்பட்ட ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. 203.0.113.25 என்பது போல நான்கு எண்களாக அதை எழுதுவர். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஆகவே மொத்த முகவரிகள் சுமார் 429 கோடி. உலகத்து மக்கள்தொகைக்கே இது போதாமையால், மிக நீண்ட புதிய முகவரி முறையொன்றும் வகுக்கப்பட்டு, இரண்டும் இன்று அருகருகே வழங்குகின்றன. வழிநெடுக உள்ள ‘ரூட்டர்’ என்னும் கருவி, முகவரியின் முற்பகுதியை மட்டும் நோக்கி, பொட்டலத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்கிறது. முழு வழியும் எந்த ரூட்டருக்கும் தெரியாது. அடுத்த கைக்குக் கொடுக்க மட்டுமே அதற்குத் தெரியும். அஞ்சல் எண்ணுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அஞ்சல் எண் நிலத்தோடு கட்டுப்பட்டது. கணினியின் எண்ணோ அது இணைந்துள்ள வலையமைப்போடு கட்டுப்பட்டது. அலுவலகத்தில் ஓர் எண்ணும் வீட்டில் வேறோர் எண்ணும் ஒரே கருவிக்கு அமைவது இதனாலேயே.

கிரேட் நிக்கோபாரிலிருந்து புறப்பட்ட பொட்டலம் கடலடிக் கண்ணாடி இழை வழியாகப் போர்ட் பிளேயருக்கு வருகிறது. 2024-ஆம் ஆண்டில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அங்கிருந்து சென்னை, பின்னர் நிலவழியே தில்லி. இத்தீவுகளைச் சென்னையோடு இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்னர்ச் செயற்கைக்கோளே கதியாக இருந்தது. பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. அங்கே ஏறி இறங்க வானொலி அலைக்குக் கால் வினாடி ஆகும். பதில் வரவும் கால் வினாடி. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 4,000 கிலோமீட்டர் சென்று மீள ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கு வினாடியே பிடிக்கும். நூற்றுக்கணக்கான பொட்டலங்களும் அவற்றிற்குரிய பதில்களும் செல்லும்போது இவ்வேற்றுமையின் பயனைத் தீவுவாசிகள் நன்கு உணர்வர்.

வாக்குறுதி தராத வலையமைப்பு

ரூட்டருக்கு ஒரே சமயத்தில் அளவுக்கு மேல் பொட்டலங்கள் வந்தால் அவற்றை வரிசையில் நிறுத்தி வைக்கும். வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை நிரம்பியபின் வருவதை என்ன செய்யும் என்று வினவலாம். தூக்கி எறிந்துவிடும்! எறிந்த செய்தியை அனுப்பியவர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கில்லை. அன்றியும், ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் ஓர் ஆயுள் எண் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். சுழியமானால் பொட்டலம் அங்கேயே அழிக்கப்படும். வழி தவறிய பொட்டலங்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிராதிருக்க இவ்வேற்பாடு. சுருங்கச் சொன்னால், வலையமைப்பு இயன்றதைச் செய்யும். வாக்குறுதி எதுவும் தராது.

இது குறைபாடன்று, வேண்டுமென்றே செய்த தீர்மானம். ஆர்பாநெட்டின் ஆரம்ப நாட்களில், செய்தியைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை வலையமைப்பே ஏற்றிருந்தது. பிரான்சு நாட்டில் லூயி பூசான் என்பவர் தலைமையில் 1970-களின் முற்பகுதியில் உருவான ‘சைக்லேட்ஸ்’ என்னும் வலையமைப்பு அப்பொறுப்பை முனைக் கணினிகளிடம் விட்டது. 1974-ஆம் ஆண்டு வின்டன் செர்ப், ராபர்ட் கான் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட கட்டுரை இக்கொள்கையை மேலும் விரிவுபடுத்தியது. கம்பி வழி, வானொலி வழி, செயற்கைக்கோள் வழி என வெவ்வேறு குணமுடைய வலையமைப்புகளை இணைக்க வேண்டுமாயின், இடையில் உள்ளவற்றிடம் மிகக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும் என்று அவர்கள் கண்டனர். நடுவில் எளிமை, முனைகளில் அறிவு என்பதே அவர்கள் மேற்கொண்ட வழி. இதன்படி அமைந்த விதிகளுக்கு ஆர்பாநெட் முழுவதும் 1983-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி மாறியது. இந்தியாவில் எலெக்ட்ரானிக்ஸ் துறை 1986-இல் தொடங்கிய ‘எர்நெட்’ திட்டம் ஐந்து ஐ.ஐ.டி.க்களையும், பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தையும், பம்பாயின் தேசிய மென்பொருள் நுட்ப மையத்தையும், தில்லியில் அத்துறையின் அலுவலகத்தையும் இணைத்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கியது.

இவ்விதிகளையே ‘புரோட்டோகால்’ என்பர். அரசு விழாக்களில் யார் எங்கே அமர்வது என்னும் ஒழுங்கிற்கும் இச்சொல்லே வழங்குவதால் சிலர் மயங்குவதுண்டு. நெறிமுறை என்று தமிழில் எழுதுகின்றனர். எந்தத் தகவலை எந்த இடத்தில் எழுதுவது, எதற்கு எது பதில், பதில் வராவிடில் என்ன செய்வது என முன்கூட்டியே இருபுறத்தாரும் ஒப்புக்கொண்ட நடைமுறை என்பதே அதன் பொருள். பொட்டலத்தையும் முகவரியையும் பற்றிய விதிகள் ‘ஐ.பி.’ எனப்படும். முனைகளுக்கு இடையே பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதைப் பற்றியவை ‘டி.சி.பி.’ எனப்படும்.

ஒப்புகை

பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பிய வழக்கத்தை அரசு அலுவலகங்களில் அறியாதார் இலர். டி.சி.பி.யின் உயிர்நாடி அத்தகைய ஒப்புகையே. உரையாடல் தொடங்குமுன் ‘பேசலாமா?’ என்று ஒரு கணினி கேட்கும். ‘பேசலாம், என் சொல் கேட்கிறதா?’ என்று மற்றது மறுமொழி தரும். ‘கேட்கிறது’ என்று முதலாவது உறுதி செய்யும். இம்மூன்று சொற்களுக்குப் பின்னரே உள்ளடக்கம் நகரத் தொடங்கும்.

உள்ளடக்கத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசையெண் உண்டு. எளிமைக்காக ஒன்றிலிருந்து தொடங்குவதாகக் கொண்டால், முதற்பொட்டலத்தில் 1 முதல் 1,460 வரை இருக்கும். அது கிடைத்தவுடன் பெறும் கணினி, ‘அடுத்து 1,461-ஐ எதிர்பார்க்கிறேன்’ என்று எழுதும். இதுதான் ஒப்புகை. இரண்டாவது பொட்டலமும் கிடைத்தால் ‘2,921-ஐ எதிர்பார்க்கிறேன்’ என்று எழுதும். இப்போது மூன்றாவது பொட்டலம் வழியில் எறியப்பட்டு, நான்காவதும் ஐந்தாவதும் ஆறாவதும் வந்து சேர்கின்றன என்க. பெறும் கணினி அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘2,921-ஐ எதிர்பார்க்கிறேன்’ என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பிடிவாதமான இப்பதிலை மூன்று முறை மீண்டும் கேட்டவுடன், மூன்றாவது காணாமற்போனதை அனுப்பிய கணினி ஊகித்துக்கொண்டு, அதை மட்டும் மறுபடி அனுப்பும்.

ஒப்புகையே வராவிட்டால்? அனுப்பிய கணினி ஒரு கடிகாரத்தை ஓடவிட்டிருக்கும். குறித்த நேரம் கடந்ததும் அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்பும். இங்கேதான் நுட்பமான ஓர் இக்கட்டு இருக்கிறது. ஒப்புகை வராமைக்குப் பொட்டலம் தொலைந்தது காரணமாகலாம். பொட்டலம் பத்திரமாகச் சேர்ந்து, ஒப்புகை மட்டும் தொலைந்திருக்கலாம். இரண்டும் தொலையாமல், வரிசையில் காத்துக்கொண்டிருக்கவும் கூடும். அனுப்பியவர் இருக்குமிடத்திலிருந்து நோக்கினால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றை வேறுபடுத்தி அறியும் உபாயம் எந்த விஞ்ஞானிக்கும் அகப்படவில்லை, அகப்படவும் இயலாது. ஏனெனில், அறிவதற்கு இன்னொரு செய்தி வேண்டும், அச்செய்தியும் தொலையலாம். ஆகவே டி.சி.பி. இவ்வினாவை விடுத்து வேறோர் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. ஐயம் ஏற்பட்டால் மறுபடி அனுப்புக; இரண்டு பிரதிகள் வந்தால் வரிசையெண்ணைக் கண்டு ஒன்றைப் பெறுபவர் நீக்கிவிடுக. வரிசையெண் இருப்பதால் மறுபடி அனுப்புவதில் தீங்கில்லை என்பது கருத்து.

தீங்கில்லை என்றுதான் 1986-ஆம் ஆண்டு வரையில் பலரும் எண்ணியிருந்தனர்.

அவ்வாண்டு அக்டோபர் மாதம், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே வினாடிக்கு 32,000 பிட் என்ற வேகத்தில் சென்றுகொண்டிருந்த செய்திப் போக்குவரத்து, வினாடிக்கு 40 பிட்டாக வீழ்ந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு 400 கஜமே. வினாடிக்கு 40 பிட் என்றால் ஐந்து எழுத்துகள். 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம் போய்ச் சேர 6 நிமிடம் 40 வினாடி ஆகும். காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வரத் தொடங்கியிருக்கலாம்! கம்பி அறுபடவில்லை, கருவி எதுவும் பழுதாகவில்லை. அவ்வாறிருக்க, வேகம் எங்கே போயிற்று?

ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் என்பவர், பல்கலைக்கழகத்தின் மைக்கேல் காரல்ஸ் என்பவரோடு சேர்ந்து இதனை ஆராய்ந்தார். போக்குவரத்து மிகுந்தபோது ரூட்டர்களில் வரிசை நீண்டது. வரிசை நீண்டதால் ஒப்புகைகள் தாமதித்தன. தாமதத்தைத் தொலைவு என எண்ணிய கணினிகள் அதே பொட்டலங்களை மறுபடி அனுப்பின. அப்பிரதிகள் அதே வரிசையில் போய் நின்று அதை மேலும் நீட்டின. அதனால் தாமதம் இன்னும் கூடியது; பிரதிகள் இன்னும் பெருகின. முடிவில், கம்பி முழு வேகத்தில் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அது சுமந்தவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே சேர்ந்த பொட்டலங்களின் பிரதிகளே. ஒவ்வொரு கணினியும் விதிப்படி, நேர்மையாகத் தன் கடமையைச் செய்தது. எல்லாம் சேர்ந்து பாதையை அடைத்துவிட்டன.

பரிகாரம் 1988-இல் வெளியான ஜேக்கப்சனின் கட்டுரையில் கூறப்பட்டது. நடுவில் உள்ள கருவிகளை மாற்றாமல், முனைக் கணினிகளின் பழக்கத்தை மட்டும் அது மாற்றியது. முதலாவதாக, ஒப்புகை வர வழக்கமாக எவ்வளவு நேரமாகிறது என்பதோடு, அந்நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் கணினி அளந்துகொண்டே இருக்கவேண்டும். கடிகாரத்தை அதற்கேற்ப வைக்கவேண்டும். மறுபடி அனுப்பியும் ஒப்புகை வராவிட்டால் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிக்கவேண்டும். முதலில் 1 வினாடி எனின், அடுத்து 2, பின்னர் 4, பின்னர் 8. அடுத்து, கையில் உள்ள அனைத்தையும் எடுத்த எடுப்பில் கொட்டலாகாது. ஒன்றிரண்டு பொட்டலங்களில் தொடங்கி, ஒப்புகை வர வர அளவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஏதேனும் ஒன்று தொலைந்ததாகத் தெரிந்தால், அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, அனுப்பும் அளவைப் பாதியாகக் குறைத்து, மீண்டும் சிறுகச் சிறுகக் கூட்டவேண்டும். பாதை காலியாக இருக்கிறதா என்பதை யாரும் அறிவிக்காத நிலையில், தானே தடவிப் பார்த்து நடக்கும் முறை இது. பின்னர் வந்தவர்கள் கணக்குகளைத் திருத்தியிருக்கின்றனர், அடிப்படை மாறவில்லை. இன்று கோடிக்கணக்கான கருவிகள் ஒரே வலையமைப்பைப் பங்கிட்டுக்கொள்ள முடிவது, பெரும்பாலும் இந்தத் தன்னடக்கத்தாலேயே.

தொலைபேசிப் பேச்சும் நேரடிக் காணொளியும் பல வேளைகளில் ஒப்புகையைக் கேட்பதில்லை. தாமதமாக வரும் சொல்லைவிடத் தவறிப்போன சொல் அங்கே மேலானது. அவற்றிற்கு ‘யூ.டி.பி.’ என்னும் எளிய விதி பயன்படுகிறது.

பொத்தானை அழுத்தும் கை

இனி விரிவாக்க அலுவலரிடம் திரும்பலாம். அவர் முதன்முறை அழுத்தியபோதே கைப்பேசியில் உள்ள டி.சி.பி., மேற்கூறியவாறு பொறுத்தும் இரட்டித்தும் முயன்றுகொண்டிருக்கிறது. இரண்டாம் முறை அவர் அழுத்தும்போது நிகழ்வது வேறு. டி.சி.பி.க்கு அது பழைய செய்தியின் பிரதியாகத் தெரியாது. புதிய செய்தியாகவே தெரியும். புதிய வரிசையெண்களோடு அது புறப்படும். பெறும் கணினியின் டி.சி.பி.யும் அதைப் புதியதாகவே ஏற்கும். முதல் அறிக்கை சேர்ந்து அதற்குரிய ‘பெறப்பட்டது’ என்ற பதில் மட்டும் வழியில் நின்றிருந்தால், தில்லியில் அறிக்கை இரண்டாகும். கைப்பேசி வழியாகப் பணம் செலுத்துவோரும் இதனை அறிவர். கணக்கில் பணம் கழிந்திருக்கும், உறுதிச்செய்தி வந்திராது. கடைக்காரர் மறுபடி செலுத்தச் சொல்வார். அவர்மீதும் குற்றமில்லை.

பரிகாரம் டி.சி.பி. கண்டதேதான், ஆனால் ஒரு படி மேலே அதைச் செய்யவேண்டும். படிவத்தை நிரப்பத் தொடங்கும்போதே அதற்கெனத் தனி எண்ணொன்றைக் கைப்பேசி இட்டுவிடவேண்டும். பத்து முறை அழுத்தினாலும் அதே எண்ணோடு செல்லுமாயின், பெறும் அலுவலகத்துக் கணினி ஒன்றை மட்டும் பதிந்து மற்றவற்றை நீக்கிவிடும். நன்கு அமைந்த மென்பொருள்கள் இதனைச் செய்கின்றன. இணைப்பு இல்லாத இடத்தில் படிவத்தைக் கைப்பேசியிலேயே காத்து வைத்து, இணைப்பு வந்ததும் தாமே அனுப்பும் வசதியும் பலவற்றில் உண்டு. அத்தகையவற்றில், சேமிக்கப்பட்ட பட்டியலைத் திறந்து ஒப்புகை எண் வந்துள்ளதா எனப் பார்ப்பதே முறை. எல்லா மென்பொருள்களும் இவ்வளவு கவனமாக எழுதப்படுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எண்ணிடாத மென்பொருளைக் கொடுத்துவிட்டு, இரட்டைப் பதிவுக்குக் களப்பணியாளரைக் குறை கூறுதல் நியாயமாகாது.

கடைசித் தேதியின் மாலைநேரம் தனியே கூறத் தக்கது. மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் ஒரே மணிநேரத்தில் படிவங்கள் குவிய, பெறும் கணினியின் முன்னே வரிசை நீளும், பதில் தாமதிக்கும், ஒவ்வொருவரும் மறுபடி மறுபடி அழுத்துவர். 1986-இல் கணினிகள் செய்ததை இப்போது மனிதர் செய்கின்றனர். முதல் அழுத்தலுக்குப் பின் ஒரு நிமிடமும், அடுத்ததற்குப் பின் இரண்டு நிமிடமும், பின்னர் நான்கு நிமிடமும் பொறுத்தல் இங்கும் பலன் தரும்.

கைப்பேசித் திரையின் மேல்மூலையில் தெரியும் கோடுகளைக் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது. அவை கைப்பேசிக்கும் அருகிலுள்ள கோபுரத்திற்கும் இடையே அலையின் வலிமையை மட்டும் காட்டுவன. கோபுரத்திலிருந்து அப்பால் செல்லும் வழி அடைபட்டிருந்தாலும் கோடுகள் நிறைந்தே நிற்கும். வேறொரு தளம் திறக்கிறதா என்று பார்த்தல் நல்ல சோதனை. திறந்தால், கோளாறு பெரும்பாலும் அனுப்ப முயலும் அலுவலகத்துக் கணினியின் பக்கம் இருக்கும். எதுவுமே திறக்காவிடில் கோளாறு அருகில் இருக்கும். பழைய தளங்கள் எண் முகவரியில் திறந்து, பெயரைக் கொடுத்தால் மட்டும் திறக்காத நிலையும் உண்டு. பெயரை எண்ணாக மாற்றித் தரும் ‘டி.என்.எஸ்.’ என்னும் முகவரிப் புத்தகம் அப்போது கிடைக்கவில்லை எனக் கொள்ளலாம். கோளாற்றை அறிவிக்கும்போது ‘நெட்வொர்க் இல்லை’ என்பதற்குப் பதிலாக இவற்றில் எது என்று எழுதினால், சரிசெய்பவரின் வேலை பாதி குறையும்.

வகுப்பில் செய்து பார்க்க

கருவி எதுவுமின்றி, இதனைப் பள்ளி மாணவர்க்கு விளக்க இயலும். ஒரு வாக்கியத்தை எட்டுச் சீட்டுகளில் துண்டு துண்டாக எழுதி, எண்ணிட்டு, வகுப்பின் ஒரு மூலையில் உள்ள மாணவனிடம் கொடுக்கவேண்டும். எதிர்மூலையில் உள்ளவன் பெறுபவன். சீட்டுகள் இடையில் உள்ள வரிசைகளின் வழியே கைமாறிச் செல்லட்டும். எவர் கையிலும் ஒரே சமயத்தில் இரண்டு சீட்டுகளுக்கு மேல் இருக்கலாகாது; மூன்றாவது வந்தால் கீழே போட்டுவிடவேண்டும். இன்னொரு மாணவனும் இன்னொரு வாக்கியத்தை அதே வழியில் அனுப்பட்டும். முதல் ஆட்டத்தில், இருவரும் எல்லாச் சீட்டுகளையும் ஒருங்கே அனுப்பி, ஐந்து எண்ணுவதற்குள் ஒப்புகை வராவிட்டால் பிரதி எழுதி மறுபடி அனுப்பவேண்டும். தரையில் கிடக்கும் சீட்டுகளைப் பொறுக்கி எண்ணிக் கரும்பலகையில் எழுதிவைக்கலாம். அடுத்த ஆட்டத்தில் ஒரு சீட்டு, ஒப்புகை வந்தபின் இரண்டு, பின்னர் நான்கு என அனுப்பி, ஏதேனும் தொலைந்தால் பாதியாகக் குறைத்து, பின்னர் ஒவ்வொன்றாகக் கூட்டச் செய்து, இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிடலாம். மூன்றாவது ஆட்டத்தில் ஒப்புகைச் சீட்டை மட்டும் ஒருமுறை வேண்டுமென்றே கீழே போடச் செய்யவேண்டும். அனுப்புவோன் அப்போது என்ன செய்கிறான், தன்னிடம் முன்பே உள்ள எண் மறுபடி வரக் கண்டு பெறுவோன் என்ன செய்கிறான் என்பதை மாணவரே பார்த்துச் சொல்வர். எண்ணிடாத சீட்டுகளைக் கொண்டு இதே ஆட்டத்தை இன்னொருமுறை நடத்தினால், பெறுவோன் படிக்கும் வாக்கியத்தைக் கேட்டு வகுப்பு முழுவதும் சிரிக்கும்.